கணினி விளையாட்டிற் கடினமும் நீதியும்

விளையாட்டு என்னுஞ் சொல் உலக வழக்கில் எளிமையைக் குறித்து நிற்கின்றது. ஒரு காரியத்தை ஒருவன் விளையாட்டாகச் செய்தான் என்றால், வருந்தாது செய்தான் என்பதே பொருள். ஆயின் விளையாட்டின் இயல்பை ஆராய்ந்தோர் கண்ட உண்மை இதற்கு மாறானது. ஓட்டப் பந்தயத்தில் எல்லைக் கோட்டை அடைவதொன்றே நோக்கமாயின், மைதானத்தைச் சுற்றி ஓடாது குறுக்கே நடந்து சென்றும் அதனை அடையலாம். அவ்வாறு சென்றவன் கோட்டை அடைந்தவனாவான், பந்தயத்தை ஓடியவனாகான். எளிய வழி இருக்கவும் அதனை விலக்கி, விதி வகுத்த அரிய வழியை மனமுவந்து ஏற்பதனாலேயே விளையாட்டு என ஒன்று உளதாகின்றது. இக்கருத்தைப் பேர்ணாட் சூற்ஸ் என்னும் மெய்யியலாளர், வெட்டுக்கிளியின் பெயர் தாங்கி 1978ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே விரித்துரைத்தார்.

கடினம் விளையாட்டிற்குக் குற்றமன்று, அதுவே அதன் கருப்பொருள் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் கடினமெல்லாம் நல்ல கடினமாகா. கதவைப் பூட்டித் திறவுகோலைக் கடலில் எறிந்துவிட்டுத் 'திற' என்று ஏவுவதும் கடினமே. அதனை எவரும் நல்ல புதிர் என்று பாராட்டார். எனவே ஒரு விளையாட்டு எத்துணைக் கடினமானது என்று அளப்பதினும், அது எத்தகைய கடினத்தை உடையது என்று ஆராய்வதே திறனாய்வுக்குரிய பணியாகும்.

கணினி விளையாட்டுக்களுள் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் இடந்தருவன இரு குடும்பங்கள். ஒன்று 1980ஆம் ஆண்டளவிற் தோன்றிய 'றோக்' என்னும் விளையாட்டின் வழித்தோன்றல்கள். மற்றொன்று தொழிற்சாலை அமைக்கும் விளையாட்டுக்கள். முன்னவற்றில் ஒரு பிழை உயிரைப் போக்கும். பின்னவற்றில் ஒரு பிழை கட்டடமாக எழுந்து கண்முன்னே நிற்கும். புறத்தோற்றத்தில் இவை தம்முள் ஒவ்வாதன. எனினும் இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். தோற்றவன் தன் தோல்வியின் காரணத்தைத் தானே கண்டு, அடுத்த முயற்சியிற் திருந்த இயலுமா என்பதே அவ்வுரைகல்.

றோக்கும் மீளாச் சாவும்

றோக் என்னும் விளையாட்டை அமெரிக்காவிலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குறூஸ் வளாகத்து மாணவராயிருந்த மைக்கல் ரோய், கிளென் விச்மன் என்னும் இருவர் ஆக்கினர். பின்னர் கென் ஆர்னல்ட் என்பவர் அவர்களோடு சேர்ந்தார். பேர்க்கிலி யுனிக்ஸ் தொகுதியோடு சேர்த்து வழங்கப்பட்டமையால் அது பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பரவிற்று. அதிலே ஓவியம் எதுவுமில்லை. திரையிலே எழுத்துக்களும் குறிகளுமே உண்டு. A முதல் Z வரையுள்ள ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கொடு விலங்கைக் குறிக்கும். நிலவறையின் 26ஆம் தளத்தளவிற் கிடைக்கும் யெண்டோர் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே மீளவேண்டும் என்பதே விளையாட்டின் குறிக்கோள்.

இதன் புதுமை இரண்டு ஏற்பாடுகளில் அடங்கியுள்ளது. முதலாவது, நிலவறையின் அமைப்பை ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக வகுக்கின்றது. அக்காலத்துக் கதை விளையாட்டுக்களில் புதிர்கள் மாறாதவை. ஒருமுறை விடை கண்டால் மறுமுறை வியப்பில்லை. ஆக்கியோருக்கோ முதன்முறையே வியப்பில்லை. தாம் ஆக்கிய விளையாட்டைத் தாமும் ஆடி மகிழவேண்டும் என்னும் விருப்பே இவ்வேற்பாட்டிற்குக் காரணமாயிற்று. இரண்டாவது, வீரன் மாண்டால் மாண்டதுதான். இடையில் நிறுத்திச் சேமித்து வைக்கலாம். ஆனால் மீண்டுந் தொடங்கியவுடன் அச்சேமிப்பு அழிக்கப்படும். ஆகவே பின்னோக்கிச் சென்று பிழையைத் திருத்த வழியில்லை. கரணம் தப்பினால் மரணம் என்னும் பழமொழி இங்கே விதியாகவே அமைந்துவிட்டது.

இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணை. நிலவறை மாறாததாயின் மீளாச் சாவு வெறுங் கொடுமையாகும். கற்ற பாதையையே மீண்டும் மீண்டும் நடக்க நேரும். மீளாச் சாவு இல்லையாயின் மாறும் நிலவறை வெறும் வேடிக்கையாகும். எத்தீமையையுஞ் சேமிப்பினால் துடைத்துவிடலாம். இரண்டும் சேர்ந்தபோது மனப்பாடஞ் செய்தவனுக்குப் பயனில்லை, பகுத்தறிந்தவனுக்கே பயனுண்டு என்னும் நிலை பிறக்கின்றது. அறியாத மருந்தைக் குடித்துப் பார்ப்பதா, வைத்திருப்பதா? திறந்த அறையில் நின்று மூன்று பகைகளை எதிர்ப்பதா, ஒடுங்கிய வழியிற் பின்வாங்கி ஒவ்வொன்றாக எதிர்ப்பதா? உணவு குறைகின்றது, இன்னும் தேடுவதா, கீழே இறங்குவதா? திருவள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அம்மூன்றையும் ஒருங்கே சோதிக்கும் களம் இது எனலாம்.

2008ஆம் ஆண்டில் பேர்லினிற் கூடிய இத்துறை ஆர்வலர், இக்குடும்பத்தின் இலக்கணத்தை வரையறுக்க முயன்றனர். மாறும் களம், மீளாச் சாவு, முறைவைத்து ஆடுதல், கட்டங்களால் அமைந்த தளம் முதலியன அவர்கள் எண்ணிய உறுப்புக்கள். உறுப்புக்களை எண்ணுதல் வகைப்படுத்துவோருக்கு உதவும். ஆயின் அவ்வுறுப்பெல்லாம் நிறைந்த ஒரு விளையாட்டும் நீதியற்றதாக இருத்தல் கூடும்.

மறைபொருளாற் பிறக்குங் கடினம்

1987ஆம் ஆண்டில் வெளியாகி இன்றளவும் பலராற் பேணப்பட்டுவரும் 'நெற்ஹக்' இதற்குத் தக்க சான்று. நீதியுள்ள கடினமும் நீதியற்ற கடினமும் அதன் ஒரே நிலவறையில் அருகருகே உள்ளன.

முதலில் நல்லதைக் காண்போர், தொட்டாரைக் கல்லாக்கும் கொக்கற்றிஸ் என்னும் பிராணியை எடுத்துக்கொள்ளலாம். அதனைக் கொன்றவன் கையுறை அணிந்து அதன் உடலைத் தூக்கினால், அவ்வுடலையே படைக்கலமாகக் கொண்டு பகைவரைக் கல்லாக்கலாம். ஆயின் அதனை ஏந்தியவாறே அவன் ஒரு குழியில் வீழ்ந்தால், வீழும்போது அவ்வுடல் அவன்மேற் பட்டு அவனே கல்லாவான். கையுறை கையை மட்டுமே காக்கும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கலாம். விதி ஒன்றே. அவ்விதி பகைவனுக்கும் தனக்கும் பொது. இங்கே இறந்தவன் சிரித்துக்கொண்டே தன் பிழையை ஒப்புவான்.

அடுத்து மிதக்குங் கண் என்னும் பிராணி. அது தானாக எவரையுந் தாக்காது. அசைவின்றி மிதப்பது போலத் தோன்றும். புதியவன் அதனை வாளால் வெட்டுவான். வெட்டியவுடன் அதன் பார்வையால் உடல் மரத்துப்போய் நெடுநேரம் அசையாது நிற்பான். அவ்வழியே வரும் எந்த அற்பப் பிராணியும் அவனைக் கொன்றுவிடும். காரணம் என்னவென்று திரை அறிவிக்கின்றது. எனவே இறந்தபின் விளங்குகின்றது. இறக்குமுன் ஊகிக்கத்தக்க குறிப்போ மிகச் சொற்பம். இவ்விளையாட்டில் பொருள் பெற்றுக்கொண்டு குறிப்புரைக்கும் தெய்வவாக்காட்டி ஒருத்தி இருக்கின்றாள். எனினும் அத்தகைய குறிப்புக்கள் போதாமையால், முன்னோர் எழுதிவைத்த குறிப்பேடுகளைப் படித்த பின்னரே பெரும்பாலோர் கடைசிவரை செல்கின்றனர்.

பின்னர் விளங்குதல் வேறு. முன்னர் ஊகிக்கத்தக்கதாயிருத்தல் வேறு. முன்னது தோல்வியை விளக்கும். பின்னதே தோல்வியை நியாயமாக்கும். பாடத்திட்டத்தில் இல்லாத வினாவைக் கேட்டு, விடைத்தாளிற் சரியான விடையையும் எழுதிக்கொடுக்கும் பரீட்சகர் மாணவனுக்கு ஒன்றைக் கற்பித்தவரே. ஆயினும் அவர் நீதியாகப் பரீட்சித்தவர் அல்லர்.

வெளிப்படையும் சலுகையும்

இக்குறையை உணர்ந்தே பிற்கால ஆக்கியோர் சிலர் எல்லாவற்றையும் வெளிப்படையாக்க முயன்றனர். 2019ஆம் ஆண்டில் நிறைவுற்று வெளியான 'சிலே த ஸ்பயர்' என்னும் சீட்டு விளையாட்டு இதிற் சிறந்தது. இதிலே பகைவன் அடுத்த முறையில் என்ன செய்யப்போகின்றான், எத்தனை அளவு தாக்குவான் என்பன அவன் தலைக்கு மேலே எழுதிக் காட்டப்படும். கையிலுள்ள சீட்டுக்களோ தற்செயலாக வருவன. நாளை வருவது தெரியாது. இன்று நிற்பது முழுவதும் தெரியும். தாயக்கட்டையின் தற்செயலும் சதுரங்கத்தின் வெளிப்படையும் ஒருங்கு கூடிய அமைப்பு இது. இங்கே தோற்றவன் சீட்டைப் பழிக்கலாம். ஆனால் அத்தகைய சீட்டுக்கள் வருமாறு கட்டைத் தொகுத்தவன் தானே என்பதை எண்ணியவுடன் அப்பழி நிற்காது. எளிமையாக்காமலே நீதியாக்கியமை இதன் சிறப்பு.

2020ஆம் ஆண்டில் நிறைவடைந்த 'ஹேடீஸ்' வேறொரு வழியைப் பின்பற்றிற்று. கிரேக்கப் புராணத்துப் பாதாள வேந்தனின் மகன் தந்தையின் உலகை விட்டுத் தப்ப முயல்கின்றான். மாளுந்தோறும் அவன் வீட்டுக்கே திரும்புகின்றான். அங்கே கதை மேலும் வளர்கின்றது. தோல்வியைக் கதையின் ஓர் உறுப்பாக்கியமை போற்றத்தக்க நுட்பம். ஆனால் மாளுந்தோறும் ஈட்டிய செல்வத்தால் வீரனின் ஆற்றலும் நிலையாக உயர்கின்றது. விரும்பியோர் தெரிந்துகொள்ளத்தக்க ஒரு சலுகையும் உண்டு. அதனைத் தெரிந்தவனுக்கு வரும் ஊறு முதலில் 20 வீதம் குறைக்கப்படும்; பின்னர் ஒவ்வொரு சாவிற்கும் மேலும் 2 வீதம் குறையும். கைவேகம் குறைந்தோரும் கதையின் முடிவைக் காண இது உதவுகின்றது. அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. முப்பதாம் முறையில் வென்றவன் கற்றதனால் வென்றானா, பெற்றதனால் வென்றானா? றோக்கிலே புதிய வீரன் பழைய வீரனை விடப் பலமுடையவன் அல்லன், ஆடுபவனே அறிவுடையவனாகின்றான். ஹேடீஸில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. வெற்றியின் மகிழ்ச்சி குறையாதிருக்கலாம். அதன் சான்றுவலிமை குறைகின்றது.

காரணங்களின் சங்கிலி

இருகுடும்பங்களுக்கும் இடையிலே பாலமாக நிற்பது 'டுவார்வ் போட்றெஸ்'. ரான் அடம்ஸ், சக் அடம்ஸ் என்னும் சகோதரர் இருவர் 2006ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 2012ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தேர்ந்துகொண்ட 14 விளையாட்டுக்களுள் இதுவும் ஒன்று. மலையைக் குடைந்து குள்ளர் குடியொன்றை நிறுவுதலே இதில் ஆடுபவன் தொழில். வெற்றி என்று முடிவு எதுவும் வகுக்கப்படவில்லை. எக்குடியும் ஒருநாள் அழியும். அவ்வழிவு எவ்வாறு நேர்ந்தது என்பதே ஆடுவோர் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழும் கதை.

இதன் தன்மையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 2015ஆம் ஆண்டில் இவ்விளையாட்டிற் புதிதாக மதுச்சாலைகள் சேர்க்கப்பட்டன. உடனே குடிகளிலுள்ள பூனைகள் காரணமின்றி மாளத் தொடங்கின. ஆராய்ந்தபோது காரணம் தெரியவந்தது. மதுச்சாலைத் தரையிற் சிந்திய மதுவில் பூனைகள் நடந்தன. மது பாதங்களில் ஒட்டிற்று. பூனைகள் வழக்கம்போலத் தம் பாதங்களை நக்கின. நக்கியது சிறு துளியாயினும் கணக்கில் அது ஒரு கிண்ண மதுவாகப் பதிந்தது. அளவிற் பிழை நேர்ந்ததேயன்றிக் காரணத் தொடர்பிற் பிழையில்லை. அடுக்கடுக்காக நின்ற காரணங்களை ஒருவர் பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. இத்தகைய தேட்டமே தொழிற்சாலை விளையாட்டுக்களின் உயிர்நாடி.

தொழிற்சாலையின் மெதுவான தோல்வி

செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வூப் நிறுவனம் பல்லாண்டு உழைத்து 2020ஆம் ஆண்டு ஓகஸ்ற் 14ஆம் திகதி நிறைவுசெய்து வெளியிட்ட 'பக்ரோறியோ' இவ்வகையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு. அறியாத கோளொன்றில் வீழ்ந்தவன் கையினால் தாதுப்பொருளை வெட்டத் தொடங்கி, உலை, பொறி, மின்னிலையம் எனப் படிப்படியாக அமைத்து, ஈற்றில் விண்கலம் ஒன்றை ஏவவேண்டும். பொருள்களை ஓடும் பட்டைகள் ஏந்திச் செல்லும். பொறிகள் அவற்றை எடுத்து வேறு பொருளாக்கும்.

இதிலே ஒவ்வோர் அளவும் வெளிப்படையானது. கல்லுலை ஒன்று ஓர் இரும்புத் தகட்டை உருக்கி எடுக்க 3.2 செக்கன் ஆகும். சாதாரண பட்டை ஒன்று செக்கனுக்கு 15 பொருள்களைக் கொண்டு செல்லும். ஆகவே ஒரு பட்டையை நிறைக்க 48 உலைகள் வேண்டும். ஒரு மின்சுற்றுக்கு ஓர் இரும்புத் தகடும் மூன்று செப்புக் கம்பிகளும் தேவை. கம்பிப் பொறி ஒருமுறை இயங்கினால் இரண்டு கம்பிகளே கிடைக்கும். இரண்டு பொறிகளும் ஒரே வேகத்தில் இயங்குவதால், இரண்டு மின்சுற்றுப் பொறிகளுக்கு மூன்று கம்பிப் பொறிகள் வேண்டும் என்பது எளிய கணக்கு. இதனை எண்ணாது ஒன்றுக்கொன்றாக வைத்தவனுடைய மின்சுற்றுப் பொறி மூன்றில் ஒரு பங்கு நேரம் வெறுமனே நிற்கும். அப்பொறியைப் பார்த்து ஒருவரும் அவனைக் கடிந்துகொள்வதில்லை. நிற்கும் பொறியே அவன் பிழையைச் சொல்கின்றது.

ஓரிடத்து அடைப்பை நீக்கினால் அடைப்பு வேறோரிடத்திற் தோன்றும். கம்பி போதுமாயின் செம்பு போதாது. செம்பு போதுமாயின் மின்சாரம் போதாது. மின்சாரம் குறையும்போது நேரும் விபரீதம் இவ்விளையாட்டின் மிகச் சிறந்த பாடம். நிலக்கரியை வெட்டும் பொறியும் அதனைக் கொதிகலனில் இடும் கையும் மின்சாரத்தால் இயங்குவன என்று வைத்துக்கொண்டால், மின்சாரம் சற்றுக் குறைந்தவுடன் அவை மெதுவாகும். நிலக்கரி வரவு குறையும். அதனால் மின்சாரம் மேலும் குறையும். இவ்வாறு சுழன்று முழுத் தொழிற்சாலையும் அடங்கிவிடும். பகைவன் எவனும் வரவில்லை. பல மணி நேரத்துக்கு முன்னர் எண்ணாது வைத்த ஓர் உறுப்பே அத்தனைக்குங் காரணம். றோக்கிலே பிழைக்கும் சாவுக்கும் இடையில் ஒரு கணம் உண்டு. இங்கே ஒருநாள் உண்டு.

தொடக்கத்தில் இடம்விடாது நெருக்கமாகக் கட்டியவனுடைய பட்டைகள் பின்னர் ஒன்றையொன்று குறுக்கறுத்துப் பின்னிக்கொள்ளும். மேல்நாட்டார் அதற்கு ஸ்பகெற்றி என்று பெயரிட்டனர். இடியப்பச் சிக்கல் என்று தமிழர் சொல்வது அதற்கு மிகப் பொருந்தும். அச்சிக்கலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, அதன்மேலேயே இன்னொன்றை ஒட்டுவதா என்னும் தீர்மானமே இவ்விளையாட்டின் உண்மையான போர்க்களம். தன் பழைய வேலையைத் தானே மதிப்பிட்டு விலக்கும் துணிவை அது கேட்கின்றது.

இரு குறைகள்

பக்ரோறியோ குறையற்றது அன்று. முதலாவது குறை ஒழுக்கத்தைச் சார்ந்தது. தொழிற்சாலையின் புகை நிலத்திற் பரவுகின்றது. மரங்கள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன. எஞ்சியது அக்கோளின் பழங்குடிப் பிராணிகளின் கூடுகளை அடைந்து அவற்றைச் சினங்கொள்ளச் செய்கின்றது. அவை தாக்க வருகின்றன. இக்காரணத் தொடரை வகுத்தவர் ஆழ்ந்து சிந்தித்தவரே. ஆயினும் அதன் முடிவாக ஆடுபவனுக்குத் தரப்படுவன மதிலும் துப்பாக்கியுமே. புகை ஒரு செலவாகக் கணக்கில் வருகின்றதேயன்றி ஒரு கேள்வியாக வருவதில்லை. ஏனைய இடங்களிலெல்லாம் காரணத்தைத் தேடச் சொல்லும் விளையாட்டு, இவ்விடத்தில் மட்டும் காரணம் தானே என்று கண்டவனை அப்பாற் சிந்திக்க விடாது நிறுத்துகின்றது.

இரண்டாவது குறை முடிவின்மை. றோக்கிலே சாவு வந்து ஆட்டத்தை முடிக்கும். ஆடியவன் எழுந்து போகலாம். தொழிற்சாலைக்குச் சாவில்லை. விண்கலம் ஏறிய பின்னும் பட்டைகள் ஓடிக்கொண்டேயிருக்கும். சேர்த்த பொருள் கெடாது. இழந்த காலம் தெரியாது. பிழையைத் தேடித் திருத்தும் அறிவுத் தொழில், வெறும் பெருக்குந் தொழிலாக மாறும் எல்லையை விளையாட்டுக் காட்டுவதில்லை. பொழுது வீணாகின்றது என்று பெற்றோர் கூறும் குற்றச்சாட்டில் உண்மையுள்ள பகுதி இதுவே. அதனைக் கணிதம் வளரும், திட்டமிடல் வளரும் என்று சொல்லி மறுப்பது தக்க விடையன்று. கலையொன்றை அதன் கூலியைக் காட்டிக் காப்பாற்றுதல் கலைக்கும் இழுக்கு.

இக்குறையை ஆக்கியோரும் உணர்ந்திருந்தனர் என்று கருத இடமுண்டு. 2024ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியான அதன் விரிவுப் பகுதியிலே கிளேபா என்னும் கோள் ஒன்று வருகின்றது. அங்கே விளையும் பொருள்களும் அவற்றாற் செய்யப்படுவனவற்றுட் பலவும் காலஞ்செல்ல அழுகும். இரும்பைக் குவித்து வைத்துப் பழகியவன் அங்கும் குவித்து வைத்தால், பெட்டி நிறைய அழுகலே மிஞ்சும். பட்டை அடைபட்டு நின்றால் அதன்மேலுள்ளவை கெடும். எனவே தேவைக்குமேற் சேர்க்காது, வந்ததை உடனே வழங்கி, மிகுந்ததை எரித்துவிடும் புதிய ஒழுங்கை அவன் கற்கவேண்டும். ஆடுவோர் பலர் இக்கோளை வெறுத்தனர். ஆயினும் தொழிற்சாலை மரபு றோக் மரபிடமிருந்து கற்றுக்கொண்ட பாடமாக இதனைக் கொள்ளலாம். அங்கே வீரனுக்கிருந்த மீளாச் சாவு இங்கே பொருளுக்கு வந்துசேர்ந்தது. இழப்பு உள்ள இடத்திலேதான் தெரிவுக்கு மதிப்பு உண்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒன்று துணியப்படும். கடினத்தின் பெருமை வென்றவரின் சிறு தொகையில் இல்லை; தோற்றவருக்கு அது தரும் விளக்கத்தில் உள்ளது. விதியை முன்னரே ஊகிக்க இடந்தந்து, பிழையைப் பின்னர் தெளியக் காட்டி, மறுமுயற்சியை ஆடுபவனின் அறிவுக்கே விட்டுவிடுவது நீதியுள்ள கடினம். இவ்வளவுகோலில் றோக்கும் சிலே த ஸ்பயரும் உயர்ந்து நிற்கின்றன. நெற்ஹக் பாதி நிற்கின்றது. ஹேடீஸ் அன்பினால் நீதியைச் சற்றுத் தளர்த்துகின்றது. பக்ரோறியோ விளக்கத்தில் யாவற்றையும் விஞ்சி, முடிவில் மட்டும் தளர்கின்றது.

இவ்வாராய்ச்சி கல்விச்சாலைக்குப் புறம்பானதும் அன்று. இன்றைய மாணவருட் பலர் பாடத்தில் ஒருமுறை தவறினால் மனமொடிந்து விலகுகின்றனர். அவரே நிலவறையில் நூறுமுறை மாண்டும் நூற்றோராவது முறை இறங்குகின்றனர். இவ்வேறுபாட்டிற்கு அவர்களின் சோம்பலையோ விளையாட்டின் கவர்ச்சியையோ மட்டுங் காரணங் காட்டுதல் எளிது. தவறு எங்கே நேர்ந்தது என்பதை நிலவறை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்கின்றது. புள்ளிகள் மட்டும் இடப்பட்ட விடைத்தாள் சொல்வதில்லை. விளையாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவருதல் இதற்கு மருந்தன்று. விடைத்தாளைத் திருத்துவோர் புள்ளிக்குப் பக்கத்திற் காரணத்தையும் எழுதுவாராயின், கடினமான பாடத்தையும் மாணவர் மீண்டும் எடுத்து முயல்வர்.